ஒழுங்கும் ஒரு பாடம்தான். அதை நடத்த ஜூனில் பத்து நாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதம் பகுதியில் சில நாட்களுக்கு முன் ஒரு பெரியவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பள்ளிகளில் பிரம்பை எடுத்துவிட்ட நாளிலிருந்து பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போயிற்று, சொல் பேச்சு கேட்பதில்லை, ஆசிரியர் வந்தால் எழுந்து நிற்பதுகூட இல்லை என்று வருத்தப்பட்டிருந்தார். 'அடியாத மாடு படியாது' என்று முடித்திருந்தார். அவருடைய கவலை நியாயமானது. வகுப்பில் ஒழுங்கு இல்லாவிட்டால் பாடம் நடக்காது என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தினமும் அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம்.

நான் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாடு பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியர் பொறுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் என் பொறுப்பு, ஒரே அறையில். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ பள்ளிகள் இருக்கின்றன. ஒரு வகுப்புக்கு நான் எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரண்டு வகுப்பும் தாமாக ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுக்க 'சத்தம் போடாதே' என்று சொல்வதிலேயே என் தொண்டை போய்விடும். ஆகவே ஒழுங்கு என்பது எங்களுக்குப் பேச்சுப் போட்டித் தலைப்பு அன்று. அது இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது.

முதலில் அந்தப் பழமொழி. எங்கள் ஊர்ப்பக்கம் டிராக்டர் வந்தபின் உழவு மாடு அருகிவிட்டது. ஆனால் மாடு பழக்கிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கன்றை எடுத்த எடுப்பில் சாட்டையால் அடித்து வயலில் இறக்கியதாக யாரும் சொல்லமாட்டார்கள். நன்றாகப் பழகிய மாட்டோடு ஜோடி சேர்த்து நுகத்தடியில் பூட்டி, பாரம் ஏதும் இல்லாமல் தெருவிலோ மணலிலோ சும்மா நடக்கவிடுவார்கள். நடை பழகியபின்தான் ஏர். ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தையையும் நான் அப்படித்தான் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு சேர்த்துவிடுகிறேன். தட்டை எங்கே கழுவுவது, பையை எங்கே மாட்டுவது, டீச்சர் கையைத் தூக்கினால் என்ன செய்வது, இதையெல்லாம் என்னைவிட அந்த அக்காவும் அண்ணனும் சீக்கிரம் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மூன்று வகுப்பு ஒரே அறையில் இருப்பது பெரும் சிரமம்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது நல்லதாகப் போய்விட்டது.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. இரண்டாவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைப்பதும், 'நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பதும் அதில் சேரும். பிரம்பை எடுத்தது முழுக்கச் சரி. ஆனால் எடுத்த இடத்தில் எதை வைப்பது என்று எங்களில் பலருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது பாடக் குறிப்பு எழுதப் பழக்கினார்கள், துணைக்கருவி செய்யப் பழக்கினார்கள். முப்பது குழந்தைகளை ஓர் அறைக்குள் எப்படி வரவைப்பது, எப்படி வெளியே அனுப்புவது என்று ஒரு மணி நேரம்கூட யாரும் பேசவில்லை. வேலைக்கு வந்த பிறகு மூத்த ஆசிரியைகள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அப்படிப் பார்த்துக் கற்க ஆள் கிடைக்காத இளம் ஆசிரியர்கள் கத்துகிறார்கள், இல்லையென்றால் கைவிட்டுவிடுகிறார்கள். அந்தப் பெரியவர் பார்த்து வருந்துவது இந்த வெற்றிடத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு குழந்தைக்கு 'அ' எழுதத் தெரியவில்லை என்றால் அதைத் திமிர் என்று யாரும் சொல்வதில்லை. எழுதிக் காட்டுகிறோம், விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம், தப்பாக வந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்கிறோம். வரிசையில் நிற்கத் தெரியவில்லை என்றால் மட்டும் உடனே கோபம் வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வரிசை எங்கிருந்து தெரியும்? வீட்டில் ஒன்றோ இரண்டோ குழந்தைகள். சாப்பாடு கைக்கு வருகிறது. பேச நினைத்தபோது பேசலாம். வெளியே போனால் பெரியவர்கள் நாமே பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம். தன் முறை வரும்வரை காத்திருப்பது என்று ஒன்று இருப்பதையே பிள்ளை முதன்முதலில் பார்க்கிற இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். பார்க்காத ஒன்றைச் செய்யவில்லை என்று அடிப்பது எப்படி நியாயமாகும்?

செருப்பு விடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பாயில் உட்காருவதால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் வாசற்படியில் எல்லாம் குவிந்து கிடக்கும். விடும் மணி அடித்ததும் ஒருவர் செருப்பை ஒருவர் மிதித்து, ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று ஒன்று அழுது, இன்னொன்று யாருடையதையோ மாட்டிக்கொண்டு போய், மறுநாள் அந்த அம்மா வந்து கேட்டு, ஒரே அமர்க்களம். 'செருப்பை ஒழுங்கா விடுங்க' என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். 'ஒழுங்கா' என்றால் என்ன என்பதுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அதனால் எல்லோரையும் தாழ்வாரத்தில் நிற்க வைத்து என் செருப்பை நானே கழற்றிக் காட்டுவேன். இரண்டையும் ஒட்டி, முனை சுவரைப் பார்க்க, சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம். அப்புறம் வேண்டுமென்றே தப்பாகச் செய்வேன். ஒன்றைக் கவிழ்த்து, மற்றதை நடைபாதையில் உதறி. பிள்ளைகள் சிரிப்பார்கள். 'என்ன தப்பு?' என்று கேட்டால் எல்லாப் பக்கத்திலிருந்தும் பதில் வரும். 'ஜோடி சேரல டீச்சர்.' 'கோட்டத் தாண்டிக் கெடக்கு டீச்சர்.' 'யாராச்சும் தடுக்கி விழுவாங்க டீச்சர்.' ஏன் அப்படி விடக்கூடாது என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். இனி அது என் கட்டளையாக இருக்காது, அவர்கள் கண்டுபிடித்த காரணமாக இருக்கும். பிறகு ஒவ்வொருவராக வந்து விடுவார்கள். மீண்டும் மாட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து விடுவார்கள். சில நாள் காலையில் இதற்கே பத்து நிமிடம் போகும். ஜூலை பிறந்தால் நான் வாயே திறக்க வேண்டியதில்லை. காலாண்டு விடுமுறை முடிந்து வரும்போது பாதி மறந்திருப்பார்கள். பொங்கல் விடுமுறைக்குப் பிறகும் அப்படியே. மறுபடி ஒரு தடவை செய்து காட்ட வேண்டியதுதான். வாய்ப்பாட்டையும் விடுமுறையில் மறக்கத்தானே செய்கிறார்கள்?

பாராட்டுவதிலும் ஒன்று கவனித்திருக்கிறேன். 'குட் பாய்', 'வெரி குட்' என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளை முகம் மலரும், அவ்வளவுதான். எதற்காகச் சொன்னோம் என்று அதற்குத் தெரியாது. 'உன் ரெண்டு செருப்பும் சுவரோரம் ஜோடியா இருக்கு, பார்த்தேன்' என்றால் மறுநாளும் அப்படியே இருக்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் குனிந்து தன்னுடையதைச் சரிசெய்யும்.

அடுத்தது சத்தம். மேசையில் ஸ்கேலால் தட்டி 'சைலன்ஸ்' என்று கத்தினால் அந்த நொடி அடங்கும். திரும்பினால் மறுபடி கிளம்பும். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் போய் நின்று வலக்கையைத் தூக்குவேன். பார்த்தவர்கள் தாங்களும் கையைத் தூக்கிப் பேச்சை நிறுத்த வேண்டும். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். இதையும் ஜூனில் விளையாட்டுப்போல் பழக்குவேன். 'இப்போ எல்லாரும் நல்லா சத்தம் போடுங்க' என்று விட்டுவிட்டுக் கையைத் தூக்குவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். குரலுக்கும் பழக்கம் தேவை. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற ரகசியக் குரல், குழுவுக்குள் பேசுகிற குரல், வகுப்பு முழுக்கக் கேட்கிற குரல், விளையாட்டுத் திடல் குரல். ஒரே வாக்கியத்தை நான்கு குரலிலும் சொல்ல வைப்பேன். 'இன்னிக்கு சாம்பார்ல முருங்கைக்காய்' என்பதை ரகசியக் குரலில் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு 'மெதுவாப் பேசு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. 'குழுக் குரல்' என்றால் போதும்.

அரசுப் பள்ளியில் படித்த எவருக்கும் ஒரு பட்டியல் நினைவிருக்கும். ஆசிரியர் வெளியே போகும்போது லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போவார். லீடர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவார். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொரு குறி. கடைசியில் 'மி.பே.', அதாவது மிகவும் பேசியவர். இந்த வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். அதில் ஒரு பிள்ளையும் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. லீடருக்கு வேண்டியவன் எவ்வளவு பேசினாலும் பெயர் வராது. நெல்லிக்காய் கொடுத்தால் எழுதிய பெயர் அழிந்துவிடும். பிடிக்காதவன் வாயைத் திறக்காவிட்டாலும் பட்டியலில் இருப்பான். ஏழு வயதில் ஒரு பிள்ளை கையில் இன்னொரு பிள்ளையைத் தண்டிக்கிற அதிகாரத்தைக் கொடுக்கிறோம். நட்பும் கெடுகிறது, நியாயம் என்ற எண்ணமும் கெடுகிறது. பள்ளிக்கு வரும் ஆசிரியர்கள் தங்களுக்கு நடந்ததையே திரும்பச் செய்கிறார்கள். வேறு வழி தெரியாததால்தான் செய்கிறார்கள். நான் வெளியே போக வேண்டியிருந்தால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்ததும் யார் பேசினார்கள் என்று கேட்பதில்லை. வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பேன்.

லீடர் பதவியே எங்கள் வகுப்பில் கிடையாது. பொறுப்புகள் இருக்கின்றன. பாய் விரிப்பது, கரும்பலகை துடைப்பது, மின்விசிறியை நிறுத்துவது, புத்தகங்களை எடுத்துக் கொடுத்துத் திரும்ப அடுக்குவது, வராத பிள்ளையின் வீட்டுப் பக்கம் இருப்பவரிடம் கேட்டு வந்து சொல்வது. திங்கட்கிழமைதோறும் பெயர் மாறும். இதில் நான் கண்டிப்பாக இருப்பது மூன்று விஷயத்தில். பெண் பிள்ளை பெருக்குவது, ஆண் பிள்ளை மணி அடிப்பது என்ற பிரிவினை கிடையாது. ஒரே தெருப் பிள்ளைகளே ஒரே வேலையைச் செய்வதும் கிடையாது. கழிவறைப் பக்கம் எந்தப் பிள்ளைக்கும் எந்த வேலையும் இல்லை. இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர்களில் முன்பு யார் வீட்டுப் பிள்ளையை எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதும் அப்படித்தான். விட்டுவிட்டால் தெருத் தெருவாக உட்காருவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவனுடைய தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வெட்டப்பட்ட கொடுமையை நாம் மறந்திருக்கமாட்டோம். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்பவையும் அதன் பரிந்துரைகளில் இருந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் போய் இருக்கையை மாற்றுவது கடினம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு முறை இடம் மாறுவது வழக்கமாகிவிட்டால், யார் பக்கத்திலும் உட்காருவது பிள்ளைக்கு இயல்பாகிவிடும். வகுப்பறைப் பழக்கம் என்பதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்காததற்கு இதுதான் முதல் காரணம்.

சாப்பாட்டு வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் விரிவாக்கம் 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கப்பட்டு, அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதனால் எங்கள் நாள் வகுப்பு மணிக்கு முன்பே, தட்டும் டம்ளருமாகத் தொடங்கிவிடுகிறது. மதியம் சத்துணவு, முட்டை. கை கழுவக் குழாயடியில் ஒரு வரிசை, தட்டு வாங்க ஒரு வரிசை, பந்தியில் உட்கார ஒரு வரிசை, தட்டுக் கழுவ ஒரு வரிசை. ஒரு நாளில் பிள்ளைகள் மிக அதிகமாகக் காத்திருக்கிற நேரம் அதுதான். தள்ளுமுள்ளு நடப்பதும் அங்கேதான்.

ஒரு வருடம் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பாட்டி வளர்த்தார். மதியம் வரிசையில் நிற்கவே மாட்டான். இடித்துக்கொண்டு முன்னே போவான், தடுத்தால் கடிப்பான். பெற்றோர் சிலர் வந்து புகார் சொன்னார்கள். காலை உணவு வரிசையில் அவன் அப்படிச் செய்வதில்லை என்பதைக் கவனித்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். 'முட்ட தீந்துடும்' என்றான். அவ்வளவுதான் காரணம். மறுநாள் சமையல் அக்காவிடம் சொல்லிவிட்டு, அவித்த முட்டை இருந்த பாத்திரத்தை வைத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முட்டைகளை எண்ணச் சொன்னேன். பிறகு பள்ளியில் அன்று வந்திருந்த பிள்ளைகளை எண்ணச் சொன்னேன். இரண்டும் ஒன்றாக வந்தது. அவன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினான். அன்று வரிசையின் நடுவில் நின்றான். கண் மட்டும் பாத்திரத்தின் மேலேயே இருந்தது. சில நாள் தினமும் எண்ணிவிட்டுத்தான் நிற்பான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான், நிற்பதை விடவில்லை. அன்றைக்கு அவனை நாலு அடி அடித்திருந்தால் என் முன்னால் பயந்து நின்றிருப்பான், முட்டை தீர்ந்துவிடும் என்ற பயத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு. நான் விடுப்பு எடுத்த நாளில் மறுபடி கடித்திருப்பான்.

எல்லாப் பிள்ளைக்கும் இவ்வளவு எளிதாகக் காரணம் கிடைத்துவிடுவதில்லை. வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிற குழந்தை வகுப்பில் அடுத்தவனை அடிக்கும்போது செருப்பு வரிசையும் கைத்தூக்கலும் போதாது. அதற்குப் பொறுமையும் சில சமயம் வெளியார் உதவியும் தேவை. ஆனால் அப்படிப்பட்ட குழந்தைக்குத்தான் நாள்தோறும் ஒரே மாதிரி நடக்கிற வகுப்பு மிகவும் தேவைப்படுகிறது. வீட்டில் இன்று ராத்திரி என்ன நடக்கும் என்று தெரியாத பிள்ளைக்கு, பள்ளியில் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பதே பெரிய ஆறுதல்.

வெளியே போவதற்கு எங்கள் வகுப்பில் ஓர் அட்டை உண்டு. கதவுப் பக்கம் ஆணியில் தொங்கும். அட்டை இருந்தால் எடுத்து மாட்டிக்கொண்டு போகலாம், கேட்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் ஒருவர் போயிருக்கிறார் என்று அர்த்தம், காத்திருக்க வேண்டும். பாடத்தின் நடுவில் 'டீச்சர் ஒன்னுக்கு', உடனே இன்னும் நாலு பேர் 'டீச்சர் ஒன்னுக்கு' என்று கிளம்புவது நின்றுவிட்டது. அவசரமென்றால் அட்டைக்குக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் அதைத் தவறாகப் பயன்படுத்துவதில்லை. பென்சில் முனை ஒடிந்தால் சீவிய பென்சில் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஒடிந்ததைப் போட்டுவிட வேண்டும், சாயங்காலம் சீவிக்கொள்ளலாம். 'டீச்சர், இவன் என்னைக் கிள்ளிட்டான்' வகைப் புகார்களுக்கு ஒரே கேள்வி: 'அவன்கிட்ட வலிக்குதுன்னு சொன்னியா?' பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அடிபட்டால், ரத்தம் வந்தால், தொடக்கூடாத இடத்தில் யாராவது தொட்டால் மட்டும் யாரிடமும் கேட்காமல் நேராக என்னிடம் வந்து சொல்ல வேண்டும். அதையும் ஜூனிலேயே, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறோம்.

2025இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கத் தனியாக மணி அடிக்கச் சொன்னார்கள். மிக நல்ல ஏற்பாடு. பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே மதியம் வரை இருந்துவிடுகிறார்கள். ஆனால் முதல் வாரம் எங்கள் வகுப்பில் நடந்தது என்ன? பாட்டில் மூடியைத் திறக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகள் பல்லால் கடித்துத் திறந்தார்கள், பாயெல்லாம் தண்ணீர், புத்தகம் நனைந்து அழுகை. பிறகு பாட்டில்கள் சுவரோரம் போயின. திறக்க முடியாதவர்களுக்கு ஜோடி அக்கா திறந்துவிடுவாள். உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும் என்று பழக்கினோம். மணி அடிப்பது ஒரு உத்தரவில் வந்துவிடும். குடிக்கப் பழகுவது வகுப்பறையில்தான் நடக்க வேண்டும்.

இதில் எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் முறையில் இது உள்ளேயே இருந்தது. பிள்ளை சுவரில் பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப் படத்தைப் பார்த்து, தன் அடுத்த படியின் படத்தைக் கண்டுபிடித்து, அந்தப் படம் போட்ட தட்டிலிருந்து அட்டையை எடுத்து, தன் குழுவில் போய் உட்கார்ந்து வேலையை முடித்து, அட்டையைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். அந்த முறையைப் பற்றிக் குறைகள் சொன்னவர்கள் உண்டு. ஆனால் எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது, தன் வேலையைத் தானே தெரிந்துகொள்வது, ஆசிரியர் வேறு குழுவில் இருக்கும்போது காத்திருப்பது, இவற்றை அது கற்றுக்கொடுத்தது. சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் பழக்க 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் நிலைவாரியாகப் பிரிந்து உட்காருகிறார்கள். ஒரு குழு பாடும், ஒரு குழு எழுதும், ஒன்று மணிகளை வைத்து எண்ணும். இந்த வகுப்பு அமைதியாக இருக்காது, இருக்கவும் கூடாது. கை கட்டி வாய் பொத்தி உட்காருவதை ஒழுங்கு என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்தால் சந்தைக்கடை என்பார்கள். அருகில் போய்ப் பார்த்தால்தான் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேலையில் இருப்பது தெரியும். பார்வைக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து ராகம் போட்டு 'வணக்கம் ஐயா' சொல்கிறார்களா என்று பார்க்காதீர்கள். அவர்கள் எழுந்து நிற்காமல் வேலையைத் தொடர்ந்தால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் தமிழிலிருந்து கணக்கு, கணக்கிலிருந்து சாப்பாடு, சாப்பாட்டிலிருந்து வகுப்பு என்று குறைந்தது ஆறு முறையாவது மாறுகிறோம். பழகாத வகுப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து நிமிடம் சர்வசாதாரணமாகப் போகும். நாளுக்கு அரை மணி நேரம். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் என்று சொல்கிறது. 200 நாளில் 100 மணி நேரம், அதாவது எட்டில் ஒரு பங்கு, புத்தகம் தேடுவதிலும் இடம் பிடிப்பதிலும் போய்விடுகிறது. இதில் பாதியை மிச்சம் பிடித்தாலே ஜூனில் செலவழித்த நாட்கள் திரும்பி வந்துவிடும்.

நடப்பது என்னவென்றால், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பாடத்தைத் தொடங்கியாக வேண்டும். அடிப்படை மதிப்பீடு எடுக்க வேண்டும், புத்தகம் சீருடை கொடுத்த விவரம் ஏற்ற வேண்டும், செயலியில் விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். ஆசிரியர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நாட்களில்தான் பிள்ளைகள் இந்த வகுப்பில் எப்படி நடந்துகொள்ளலாம் என்று தாங்களே முடிவு செய்கிறார்கள். அப்போது விட்டதை ஆகஸ்டில் பிடிப்பது மிகவும் கடினம். கால அட்டவணையில் நீதிபோதனை என்று ஒரு பாடவேளை இருக்கிறதே என்றால், அதில் கதை சொல்லலாம், நல்ல விஷயம்தான். ஆனால் வரிசையில் நிற்பது நல்லது என்று கதை கேட்ட பிள்ளை வரிசையில் நின்றுவிடாது. நின்று பார்த்தால்தான் வரும்.

ஆகவே என் வேண்டுகோள் பள்ளிக் கல்வித் துறைக்கு. ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, பள்ளி திறந்த முதல் பத்து வேலை நாட்களை வகுப்பறைப் பழக்கங்களுக்கு என்று நாள்காட்டியிலேயே ஒதுக்குங்கள். பாட்டும் கதையும் விளையாட்டும் இருக்கட்டும், மதிப்பீடும் பதிவேற்றமும் மூன்றாவது வாரத்திலிருந்து தொடங்கட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு நாளை இதற்கென்று வையுங்கள். வெளியிலிருந்து யாரும் வந்து உரை நிகழ்த்த வேண்டாம். எங்கள் ஒன்றியத்திலேயே இதை மிக அழகாகச் செய்கிற ஆசிரியைகள் இருக்கிறார்கள், அவர்கள் வகுப்பில் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க மற்றவர்களை அனுப்பினால் போதும். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலும் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பும் முன் மாணவ ஆசிரியர்களுக்கு இதைச் செய்முறையாகவே கற்றுக்கொடுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. எங்கள் ஊரில் தாத்தாக்கள் பேரனைக் கொண்டுவந்து விடும்போது 'கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க டீச்சர்' என்று சொல்வார்கள். ஆசிரியர் மேல் உள்ள நம்பிக்கையில் சொல்வதுதான், அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பதிலாக 'எங்க வீட்டுலயும் இவன் தட்ட இவனே கழுவி வைக்கிறான் டீச்சர்' என்று ஒரு தாத்தா வந்து சொன்னால் எனக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கட்டடம், சுற்றுச்சுவர், குடிநீர் என்று பேசுகிறோம். வகுப்பில் என்னென்ன பழக்கப்படுத்துகிறோம் என்ற பட்டியலையும் அங்கே படித்துக் காட்டலாம். செருப்பு, கை கழுவுதல், முறை வரும்வரை காத்திருத்தல், ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டல். இந்த நான்கு மட்டும் வீட்டிலும் நடந்தால் போதும்.

அடுத்த கல்வியாண்டுக்கான நாள்காட்டி வெளிவரும் முன் இந்தப் பத்து நாளைப் பற்றித் துறை முடிவெடுத்துவிட்டால் நல்லது. ஏப்ரல் இறுதிக்குள் தெரிந்தால், ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளைகளின் பெற்றோரை மே மாதத்திலேயே கூப்பிட்டுப் பேசி, எந்தப் பிள்ளைக்கு எந்த அக்கா, எந்த அண்ணன் ஜோடி என்பதையும் எழுதி வைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
ஒரத்தநாடு வட்டாரம், தஞ்சாவூர் மாவட்டம்.